காதுக்கு ஏற்றபடி இன்பாக்ஸை அடுக்குவது: மறுதேர்வில் தேறிய ஒருவரின் அனுபவம்

மூன்றாவது கேள்வி இதுதான்: இன்பாக்ஸில் ரீடிங் பேனை (தேர்ந்தெடுத்த அஞ்சலின் உள்ளடக்கத்தைக் காட்டும் பகுதியை) மறைக்க வேண்டும், அனுப்பியவர் பெயர் முதலில் வரும்படி நெடுவரிசைகளை மாற்ற வேண்டும், பழைய அஞ்சல் மேலே இருக்கும்படி அடுக்க வேண்டும். கணினிப் படிப்பின் செய்முறைத் தேர்வு அது. மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் செயலியான கிளாசிக் அவுட்லுக்கில், திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் என்விடிஏ ஸ்க்ரீன் ரீடர் துணையோடு எழுதினேன். மூன்றையும் முடித்தபோது நேரம்கூட மீதம் இருந்தது. ஆனாலும் அந்தக் கேள்விக்கு மதிப்பெண் வரவில்லை. நான் மாற்றியது இன்பாக்ஸை அல்ல, முந்தைய கேள்விக்காகத் திறந்திருந்த வேறொரு கோப்புறையை.

பார்வை உள்ளவர்களுக்கு எந்தக் கோப்புறையில் இருக்கிறோம் என்பது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். நமக்கு அது கேட்டால்தான் தெரியும். என்விடிஏ விசையோடு (இன்சர்ட் அல்லது கேப்ஸ் லாக்) டி எழுத்தை அழுத்தினால் சாளரத்தின் தலைப்பை வாசிக்கும். அவுட்லுக்கில் அந்தத் தலைப்பு கோப்புறையின் பெயரோடுதான் தொடங்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஐ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எங்கிருந்தாலும் இன்பாக்ஸுக்கு வந்துவிடலாம். அவுட்லுக் ஒவ்வொரு கோப்புறையின் தோற்றத்தையும் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்கிறது. அதனால் எதையும் தொடுவதற்கு முன் தலைப்பைக் கேளுங்கள், முடித்த பிறகு இன்னொரு முறை கேளுங்கள். எனக்கு முதல் தடவை போன மதிப்பெண் இந்த ஒரு விசையில்தான் போனது.

மறுதேர்வுக்குப் படிக்கும்போதுதான் தோற்றத்தை மாற்றுவது என்றால் நமக்கு என்ன என்று புரிந்தது. இடது, வலது, மேல், கீழ் என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். ஆனால் ஸ்க்ரீன் ரீடரில் தோற்றம் என்பது வரிசைதான். எது முதலில் காதில் விழுகிறது, எது பிறகு வருகிறது, எது வராமலே இருக்கலாம் என்பதைத்தான் நாம் மாற்றுகிறோம். அப்படி யோசிக்க ஆரம்பித்ததும் கேள்விகள் எளிதாயின.

நெடுவரிசைகளில் இது தெளிவாகத் தெரியும். அஞ்சல் பட்டியலில் கீழ் அம்பை அழுத்தினால் என்விடிஏ அந்த அஞ்சலின் விவரங்களை நெடுவரிசை வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகும். மறுபடி அழுத்தினால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த அஞ்சலுக்குப் போகும். ஆக, முதல் சொல் பயனுள்ளதாக இருந்தால் ஐம்பது அஞ்சல்களை வேகமாகத் தாண்டலாம். அஞ்சலின் அளவோ வகையோ முதலில் வந்தால் ஒவ்வொன்றிலும் காத்திருக்க வேண்டும். அஞ்சலின் தலைப்பை (சப்ஜெக்ட்) முதலில் வைத்துப் பார்த்தேன். நீளமான தலைப்புகள் வந்தபோது யார் அனுப்பியது என்று தெரிவதற்குள் பொறுமை போய்விட்டது. அனுப்பியவர், தலைப்பு, தேதி என்ற வரிசைதான் அன்றாட வேலைக்கு எனக்குச் சரியாக இருக்கிறது.

மாற்றும் வழி இது. ஆல்ட் அழுத்திவிட்டு வி அழுத்தினால் வியூ தாவலுக்குப் போகும். அங்கே சேஞ்ச் வியூ என்பதில் முதலில் சிங்கிள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அதே தாவலில் ஆட் காலம்ஸ் என்ற பொத்தானைத் திறந்தால் ஒரு பெட்டி வரும். அதில் இரண்டு பட்டியல்கள் இருக்கும்: சேர்க்கக்கூடியவை ஒன்று, இப்போது காட்டப்படுபவை இன்னொன்று. இரண்டாவது பட்டியலில் ஃப்ரம் (அனுப்பியவர்) மீது நின்று, டேப் மூலம் மூவ் அப் பொத்தானுக்குப் போய், அது உச்சிக்கு வரும்வரை அழுத்துங்கள். பாடக்குறிப்புகளில் நெடுவரிசைத் தலைப்பை மவுஸால் இழுக்கச் சொல்லியிருக்கும். நமக்கு அது வேண்டாம், இந்தப் பெட்டி அதே வேலையைச் சுத்தமாகச் செய்கிறது.

ஆல்ட் வி-க்குப் பிறகு வரும் எழுத்துகளை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். அவை பதிப்புக்குப் பதிப்பு மாறும்; சுருக்கமான ரிப்பன் (தாவல்களும் பொத்தான்களும் உள்ள பட்டை) போட்டிருந்தால் சில பொத்தான்கள் வேறு பட்டிக்குள் போய்விடும். டேப், அம்பு விசைகளால் நடந்து போய், பெயரைக் கேட்டு நில்லுங்கள். தேர்வு அறைக் கணினியில் இது மட்டும்தான் எனக்குக் கை கொடுத்தது.

ரீடிங் பேன் அதே தாவலில் இருக்கிறது, ஆஃப் கொடுத்தால் போதும். தேர்வுக்கு வெளியிலும் அதை அணைத்தே வைத்திருக்கிறேன். அது திறந்திருந்தால், வழக்கமான அமைப்பில், ஓர் அஞ்சலிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்ததுமே முந்தையது படித்ததாகக் குறிக்கப்பட்டுவிடும். பெயரை மட்டும் கேட்டுவிட்டுத் தாண்டிய அஞ்சல், பிறகு தேடும்போது படிக்காதவற்றில் இருக்காது. ஒரு முக்கியமான அஞ்சலை இப்படித் தவறவிட்டேன். அணைத்துவிட்டால் என்டர் அழுத்தித் திறக்கலாம், எஸ்கேப் அழுத்தி மூடலாம். பழையதை மேலே கொண்டுவர, தேதிப்படி அடுக்கிவிட்டு ரிவர்ஸ் சார்ட் கொடுங்கள். ஷோ ஆஸ் கான்வர்சேஷன்ஸ் தேர்வாகியிருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பல அஞ்சல்கள் ஒரே வரிக்குள் மடிந்து கிடக்கும், வரிசை சரியா என்று காதால் சோதிக்க முடியாது.

ஒவ்வொரு வரியிலும் ஃப்ரம், சப்ஜெக்ட் என்று நெடுவரிசைப் பெயரையும் என்விடிஏ சொல்வது சிலருக்குத் தொல்லையாக இருக்கும். என்விடிஏ விசை, கன்ட்ரோல், டி அழுத்தினால் வரும் அமைப்புகளில் அட்டவணைத் தலைப்புகளை வாசிப்பதை நிறுத்தலாம். ஆனால் அது இணையப் பக்க அட்டவணைகளையும் பாதிக்கும். அதனால் அவுட்லுக்குக்கு மட்டும் தனி புரொஃபைல் (அந்தச் செயலியில் மட்டும் செயல்படும் அமைப்புத் தொகுப்பு) உருவாக்கி அதில் மாற்றுங்கள். தேர்வில் இதைத் தொடவே வேண்டாம். இது ஸ்க்ரீன் ரீடரின் அமைப்பு, கேள்விக்கான விடை இல்லை.

தேர்வு அறைக்குப் போனதும் முதல் வேலையாக என்விடிஏ விசை இன்சர்ட்டா கேப்ஸ் லாக்கா என்று பாருங்கள், பேச்சு வேகத்தை உங்கள் பழக்கத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம், இடையில் தோற்றம் குழம்பிவிட்டால் பதற வேண்டாம். வியூ தாவலில் ரீசெட் வியூ இருக்கிறது, கொடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம். பயிற்சியின்போது வேண்டுமென்றே ஐந்தாறு முறை குழப்பிவிட்டு ரீசெட் செய்து பழகினேன். அந்தப் பயம் அதோடு போனது.

சொல்லிக்கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். என்விடிஏ பட்டியில் டூல்ஸ் என்பதன் கீழ் ஸ்பீச் வியூவர் இருக்கிறது. அது என்விடிஏ பேசுவதையெல்லாம் எழுத்தாகத் திரையில் காட்டும். மாணவர் பயிற்சி செய்யும்போது அதைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் வரும் பெயர்களையே குறிப்பில் எழுதிக் கொடுங்கள். வலது மூலையில் உள்ள சின்னப் பொத்தான் என்று எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு நான் இரண்டு வாரம் தேடினேன். அந்தப் பொத்தானின் பெயரை எழுதியிருந்தால் அன்றைக்கே கிடைத்திருக்கும்.