விடுவிப்புப் பத்திரத்தில் ஒரு வரி

திருகோணமலை உவர்மலையில் வசிக்கும் பெரியம்மாவின் பேரன் அமெரிக்கப் படையிலிருந்து நற்பெயருடன் விடுவிக்கப்பட்டிருந்தும், டிடி 214 என்னும் விடுவிப்புப் பத்திரத்தில் காரணம் ‘ஆளுமைக் கோளாறு’ எனப் பதியப்பட்டிருப்பதால், வேலை தேடும் இடங்களில் அந்த வரிக்கே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. விடுவிப்பின் தரத்தை (நற்பெயருடனா இல்லையா என்பதை) விட்டுவிட்டு, காரணத்தை மட்டும் மாற்றுமாறும் மேன்முறையீடு செய்யலாம். விடுவிக்கப்பட்டு 15 ஆண்டுகளுக்குள் எனில் டிடி 293 படிவத்துடன் விடுவிப்பு மீளாய்வுச் சபையை நாடலாம். அக்காலம் கடந்தால் டிடி 149 மூலம் பதிவுத் திருத்தச் சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிழை தெரியவந்ததிலிருந்து 3 ஆண்டுகள் என்னும் அங்குள்ள வரம்பை நீதியின் பொருட்டுத் தளர்த்தவும் அச்சபைக்கு அதிகாரம் உண்டு. சேவைக்கால மருத்துவக் குறிப்புகளும், அந்நோயறிதலை மறுக்கும் மருத்துவரின் எழுத்துமூலக் கருத்தும், உடன் பணியாற்றியோரின் கடிதங்களுமே முதலில் திரட்டப்பட வேண்டியவை. ஊர்ப் பெரியவரின் நற்சான்றிதழ் (பெரியம்மா மன்னிக்க வேண்டும்) அவற்றுக்கு ஈடாகாது.