பறிமுதலுக்குப் பிறகு

சென்னை விமான நிலையத்தில் நட்சத்திர ஆமைகள் பிடிபட்டால் மறுநாள் நாளிதழில் படத்தோடு செய்தி வந்துவிடும். எத்தனை ஆமைகள், எந்த நாட்டுக்குப் போக இருந்தன, வெளிநாட்டுச் சந்தையில் என்ன விலை போகும் என்பதோடு செய்தி முடிந்துவிடும். அந்த விலையை மட்டுமாவது போடாதீர்கள் என்று செய்தியாளர் நண்பர்களிடம் கேட்டு வருகிறேன். நமக்கு அது ஒரு தகவல். மேய்ச்சல் நிலத்தில் ஆமையைப் பார்க்கிறவருக்கு அது ஆசை காட்டும் விளம்பரம்.

காட்டுயிர் வணிகம் பற்றி ஆய்வு செய்கிறேன் என்றால், கடத்தல்காரர்களைத் துரத்துகிறேன் என்றே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது சுங்கத்துறையும் வனத்துறையும் செய்யும் வேலை. நான் இருப்பது பிடிபட்ட ஆமைகளோடு. அவை எந்த மண்ணிலிருந்து எடுக்கப்பட்டன, எந்த மண்ணுக்குத் திரும்பலாம் என்று கண்டறிய முயல்வதுதான் என் தொழில்.

இந்த ஆமைக்கு அடர்ந்த காடு வேண்டாம். குஜராத், ராஜஸ்தான் பக்கத்து வறண்ட நிலங்களிலும், தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகத்தின் முட்புதர்க் காடுகளிலும், இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் அது வாழ்கிறது. புல்லும், சப்பாத்திக்கள்ளிப் பழமும், மழைக்குப் பின் தழைக்கும் பூண்டுகளும் அதன் உணவு. பதிவேடுகளில் 'தரிசு' என்று எழுதி வைத்திருக்கும் நிலம்தான் பல இடங்களில் அதன் வீடு. மழை பெய்தால் வெளியே வந்து நடமாடும். பிடிக்கிறவர்களும் அந்த நாட்களுக்காகத்தான் காத்திருப்பார்கள்.

அப்படிப்பட்ட ஒரு கிராமத்தில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று எங்கள் அப்பா கையால்கூடத் தொடமாட்டார், தம்பி. இப்போது பையன்கள் சாக்கோடு போகிறார்கள்" என்றார். அந்தப் பையன்களுக்குக் கிடைப்பது ஓரிரு நாள் கூலிக்குச் சமமான தொகைதான். இடையில் கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் விலை ஏறுகிறது. ஊர் அடையாளம் அழிகிறது. பல மாவட்டங்களின் ஆமைகள் ஒரே வீட்டில் சேர்க்கப்பட்டு, ஒரே பெட்டியில் அடைக்கப்பட்டு விமானம் ஏறுகின்றன. 2015-ல் வெளியான ஆய்வு ஒன்று, இந்தியாவில் ஒரே ஒரு வணிக மையத்துக்காக மட்டும் ஓராண்டில் குறைந்தது 55,000 ஆமைகள் காட்டிலிருந்து எடுக்கப்படுவதாக மதிப்பிட்டது. பெண் ஆமை பருவத்துக்கு வரவே பல ஆண்டுகள் ஆகும், ஓர் ஈட்டுக்குச் சில முட்டைகளே இடும் என்பதை வைத்துப் பார்த்தால், இந்த எண்ணிக்கையை எந்தப் புதர்க்காடும் தாங்காது.

பெட்டியைத் திறக்கும்போது முதலில் மூக்கில் ஏறுவது சிறுநீரும் ஈரத்துணியும் கலந்த நாற்றம். உயிருள்ள நண்டு என்று எழுதிய சரக்குப் பெட்டிகளிலும் ஆமைகள் வந்திருக்கின்றன. பயணிகளின் துணிப்பெட்டிகளில் காலுறைகளுக்குள் திணிக்கப்பட்டும் வந்திருக்கின்றன. அசையாமல் இருப்பதற்காகக் கால்களையும் தலையையும் உள்ளே தள்ளி, ஓட்டைச் சுற்றி ஒட்டு நாடா போட்டிருப்பார்கள். அதை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, தோல் உரிந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்து ஓரத்திலிருந்து மெதுவாக உரிக்க வேண்டும். முன்னங்கால் விடுபட்டதும் சில ஆமைகள் உடனே தரையைத் தள்ளி நகரப் பார்க்கும். சில காலை நீட்டியபடியே கிடக்கும். அவற்றைத் தனியே எடுத்து வைப்போம். ஹங்கேரியைச் சேர்ந்த இரு அறிஞர்கள் 2006-ல், எப்படிக் கவிழ்த்துப் போட்டாலும் தானாகவே நிமிர்ந்துகொள்ளும் 'கோம்போட்ஸ்' என்ற வடிவத்தை உருவாக்கினார்கள். நட்சத்திர ஆமையின் கூம்பிய ஓடு அந்த வடிவத்துக்கு வெகு நெருக்கமானது. புரண்டால் நிமிர்ந்துகொள்ள இயற்கை இவ்வளவு நுட்பமாகச் செய்து கொடுத்த உடலை, ஒரு முழ நாடா செயலற்றதாக்கிவிடுகிறது.

அடுத்து மூக்கைப் பார்ப்போம். மூக்குத் துவாரத்தில் நீர்க்குமிழி தெரிந்தால், மூச்சுக்குழாய் நோய் இருக்கலாம் என்று பொருள். நெரிசலிலும் பட்டினியிலும் இருந்த ஆமைகளிடையே அது விரைவாகப் பரவும். வெளியே ஆரோக்கியமாகத் தெரியும் ஆமையும் நோயைச் சுமந்துகொண்டிருக்கக்கூடும். "காட்டில் விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும்" என்று நல்ல மனதோடு சொல்கிறவர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்ப விளக்குகிறேன். விடப்படும் ஆமை பிழைக்கலாம். அங்கே ஏற்கெனவே வாழும் ஆமைகள் பிழைக்குமா என்று யாரும் கேட்பதில்லை.

நோய்க்குத் தனிமைப்படுத்தலும் பரிசோதனையும் இருக்கின்றன. மரபணுச் சிக்கல்தான் கடினமானது. வடமேற்கு ஆமைகளும் தென்னிந்திய ஆமைகளும் மரபணு அளவில் தெளிவாக வேறுபட்டவை என்பதை ஐதராபாத் விஞ்ஞானிகள் 2006-லேயே காட்டிவிட்டார்கள். நீண்ட காலம் தனித்தனியே வாழ்ந்து, அந்தந்த நிலத்துக்குப் பழகிய வம்சங்கள் அவை. பிடிபட்ட ஆமைகளை எல்லாம் சேர்த்து அருகிலுள்ள ஏதாவது ஒரு காட்டில் விட்டால், அந்தத் தனித்தன்மையை நாமே கலைத்தவர்கள் ஆவோம். ஓட்டிலுள்ள மஞ்சள் கதிர்களைப் பார்த்து ஊரைச் சொல்ல முடியாது. ஓரளவேனும் சொல்லக்கூடியது மரபணு ஒன்றுதான். அதற்கும் ஒப்பிட்டுப் பார்க்க வெவ்வேறு காடுகளிலிருந்து நம்பகமான மாதிரிகள் வேண்டும். அந்த மாதிரிகளைச் சேகரிக்கும் வேலைக்குப் புகழும் கிடையாது, நிதியும் சுலபத்தில் கிடைக்காது.

இதற்கிடையில் சட்டத்தின் கண்ணில் ஆமை ஒரு வழக்குச் சொத்து. நீதிமன்ற உத்தரவு வரும்வரை அதை எங்கும் அனுப்ப முடியாது. மீட்பு மையங்களில் இடம் நிரம்பும். ஏற்கெனவே இருக்கும் ஆமைகளோடு புதியவை கலக்கும். பறிமுதல் நடந்த அன்று தனித்தனியே இருந்த குழுக்களைச் சில வாரங்களில் பிரித்தறிய முடியாமல் போய்விடும். இதில் எந்த அலுவலரையும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரே இரவில் நூற்றுக்கணக்கான ஆமைகள் வந்து இறங்கினால் தொட்டிக்கும் தீவனத்துக்குமே அவர்கள் அல்லாட வேண்டியிருக்கிறது. ஆனால் இழப்பு இழப்புதான்.

சட்டம் முன்னேறியிருக்கிறது என்பதை மறுக்க முடியாது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1975-ல் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டே இந்தியா அதில் சேர்ந்தது. நட்சத்திர ஆமை நெடுங்காலம் அதன் இரண்டாம் பட்டியலில்தான் இருந்தது. அந்தப் பட்டியலில் இருந்தால் அனுமதிச் சீட்டோடு வணிகம் செய்யலாம். இந்தியாவிலிருந்து வணிக ஏற்றுமதிக்குத் தடை இருந்தும், காட்டில் பிடித்ததைப் 'பண்ணையில் பிறந்தது' என்று காகிதத்தில் மாற்றிக்கொள்ள வெளிநாடுகளில் வழி இருந்தது. 2019 மே மாதம் கொழும்பில் கூடவிருந்த மாநாடு, ஈஸ்டர் குண்டுவெடிப்புகளால் ஆகஸ்டில் ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டது. இந்தியாவும் இலங்கையும் வேறு சில நாடுகளோடு சேர்ந்து முன்வைத்த கோரிக்கை அங்கே ஏற்கப்பட்டு, நட்சத்திர ஆமை, காட்டில் பிடித்தவற்றை வணிகம் செய்யவே இடம் தராத முதல் பட்டியலுக்கு உயர்ந்தது. 2022-ல் திருத்தப்பட்ட நம் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டமும் அதற்கு முதல் அட்டவணையில் இடம் கொடுத்தது. மாநாட்டு முடிவு வந்த நாளில் எங்கள் அறையில் எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டோம். அந்த மகிழ்ச்சி உண்மையானது. ஆனாலும் அதன் பிறகும் பெட்டிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

திரும்ப அனுப்புவது முடியாத காரியம் அல்ல. 2018-ல் சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் விமானத்தில் கர்நாடகத்துக்குக் கொண்டுவரப்பட்டன. தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்தின் சின்னாரில், மழை மறைவுப் பகுதியின் முட்காட்டில், இந்த ஆமைகளுக்கென்றே மறுவாழ்வு மையம் இயங்கி வந்திருக்கிறது. தனிமைப்படுத்தி, காட்டு உணவுக்குப் பழக்கி, வேலியிட்ட இடத்தில் சில காலம் வைத்திருந்து, பிறகுதான் வெளியே விட வேண்டும். விட்ட பிறகும் ஓட்டில் சிறிய ரேடியோ கருவியைப் பொருத்திப் பின்தொடர வேண்டும். விட்டதும் ஒரே திசையில் வெகுதூரம் நடக்கும் ஆமை சாலையில் அடிபட்டுச் சாகும். அல்லது மறுபடி யாரோ ஒருவரின் சாக்குக்குள் போகும். விடுவிப்பு நாளில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு வெற்றி என்று சொல்லிவிட முடியாது.

அதனால் பயிற்சிக்கு வரும் சுங்க, வனத்துறை அலுவலர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. பறிமுதல் விவரங்களைப் பதியும் மகஜரை எழுதும்போது எண்ணிக்கையோடு நிறுத்தாதீர்கள். எந்தப் பெட்டியில் எந்த ஆமை இருந்தது என்று எழுதுங்கள். பிடிபட்டவரிடம் யாரிடம் வாங்கினாய் என்பதோடு எந்த ஊரில் வாங்கினாய் என்றும் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பெட்டி பெட்டியாகத் தனித்தனித் தொட்டிகளில் வையுங்கள். மற்ற ஆமைகளோடு சேர்ப்பதற்கு முன், அன்றைக்கே, கால்நடை மருத்துவரைக் கொண்டு மரபணு மாதிரி எடுத்துவிடுங்கள். போன முறை பயிற்சிக்கு வந்த இளம் வனச்சரகர் ஒருவர், மாதிரிக் குப்பிகள் எங்கே கிடைக்கும், எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். அவர் சரகத்துக்குத் தேவையான குப்பிகளை அந்த வாரமே அனுப்பி வைத்தோம்.