ரேடியோ நாடகத்துக்குக் குரல் கொடுக்கக் கற்றுக்கொண்டது எப்படி

எனக்கு ஆசை ரேடியோ நாடகத்தின் மேல்தான். விளம்பரம், டப்பிங் எல்லாம் அப்புறம் வந்தவை. திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கியது, எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவர்கள், அதனால் அந்த நாடகங்களில் ஒரு சின்ன வேஷமாவது பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது. எங்கே போய்க் கற்பது என்று விசாரித்தால் எல்லோரும் காட்டிய வழி சமுதாய வானொலி, அதாவது சுற்றுவட்டார மக்களுக்காக நடத்தும் சின்ன வானொலி. 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். வந்த பிறகு தமிழ்நாட்டில் பல கல்லூரிகள் இப்படிச் சின்னதாக ஒரு நிலையம் வைத்திருக்கின்றன. எப்போதும் ஆள் தேவைப்படும், ஆர்வத்தோடு போய் நின்றால் உள்ளே விடுவார்கள்.

அங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பல வருடம் வானொலி நாடகங்களில் நடித்த ஒரு பெரியவர். ஆரம்பத்தில் மைக் பக்கமே விடவில்லை. தினமும் நாளிதழை எடுத்து உரக்கப் படிக்க வேண்டும், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், அதுவும் வாக்கியத்தின் கடைசியை மட்டும். தமிழில் வினைச்சொல் கடைசியில்தானே வருகிறது? நாமோ அங்கே போய்ச் சேருவதற்குள் மூச்சைச் செலவழித்துவிடுகிறோம். ‘வந்தார்கள்’ என்பது ‘வந்தாங்’ என்று தேய்ந்து போகும். நடந்ததா நடக்கவில்லையா என்பதைச் சொல்லும் இடமே கேட்பவர் காதில் விழாமல் போகும். அதற்குத்தான் ஸ்கிரிப்ட்டில் பென்சிலால் சாய்கோடு போட்டு, மூச்சு எடுக்கும் இடத்தை முன்பே முடிவு செய்யச் சொன்னார். இன்றைக்கும் கோடு போடாமல் நான் எதையும் படிப்பதில்லை.

இன்னொன்று, கற்க வருகிற எல்லோரிடமும் ஒரு ‘ரேடியோ குரல்’ இருக்கும். சிலரிடம் டெல்லியிலிருந்து செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமி, சிலரிடம் இலங்கை வானொலியின் அறிவிப்பாளர் அப்துல் ஹமீது. இருவரும் மேதைகள், கேட்டுக் கேட்டுப் படிக்க வேண்டியவர்கள், ஆனால் செய்தியும் அறிவிப்பும் ஊருக்கே பேசுவது, நாடகத்தில் ஒரே ஒரு ஆளிடம் பேசுகிறோம். அந்த ஆள் யார், எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டால் பாதி நடிப்பு வந்துவிடுகிறது. என்னைப் பொறுத்தவரை இந்தக் கலையின் உயிரே இதுதான்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் கொடுத்த பயிற்சியைச் சொல்கிறேன். ‘யாரு வந்திருக்கா?’ என்ற ஒரே வரி. முதலில் சமையலறையிலிருந்து கூடத்தில் இருப்பவரைக் கேட்பது: மைக்கிலிருந்து இரண்டு அடி பின்னால் போய், முகத்தைக் கொஞ்சம் திருப்பி, குரலை உயர்த்த வேண்டும். ஒலிப்பதிவாளர் எதையும் தொட மாட்டார், தூரத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும். அடுத்து பக்கத்தில் இருப்பவர் காதில் ரகசியமாக: மைக்கை ஒட்டி வந்து, தொண்டையைப் பயன்படுத்தாமல் வெறும் மூச்சில். கிட்டே போகப் போக மைக்கே குரலுக்குக் கனம் கூட்டும், அதனால் சத்தம் தேவையே இல்லை. மூன்றாவது, நோயில் படுத்திருக்கும் பாட்டி. நான் குரலை நடுக்கிப் பேசப் பார்த்தேன், அவர் நிறுத்திவிட்டு, தாடையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு சொல்லு என்றார். தொண்டை மடங்கியதும் குரல் தானாகவே படுக்கையில் போய்ப் படுத்துவிட்டது. உடம்பு என்ன செய்கிறதோ அது மைக்கில் தெரியும், சிரித்துக்கொண்டே பேசினால் சிரிப்பு உட்பட.

ஸ்டூடியோ பழக்கங்கள் தனி. வளையல், கொலுசைக் கழற்ற வேண்டும், பட்டுப் புடவை கூடாது, சரசரக்கும். ஸ்கிரிப்ட் தாள்களைப் பின் போட்டுக் கோர்க்கக் கூடாது, படித்து முடித்த தாளைத் திருப்பாமல் மெதுவாக இறக்கிவிட வேண்டும். இருவருக்கு ஒரே மைக் என்றால் எதிரெதிரே நின்று, முறை வரும்போது உள்ளே வந்து முடிந்ததும் விலக வேண்டும்.

வீட்டில் பதிவு செய்வது அவ்வளவு பெரிய வித்தை இல்லை. துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதற்கு முன்னால் உட்கார்ந்தாலே எதிரொலி பெருமளவு போய்விடும். ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் நிறுத்த வேண்டும், திருச்சி வெயிலில் அது கொஞ்சம் தவம்தான், அதனால் நான் ராத்திரியில்தான் பதிவு செய்வேன். யு.எஸ்.பி. வகை அல்லாத கண்டென்சர் மைக் என்றால், கேபிள் வழியாகவே அதற்கு 48 வோல்ட் மின்சாரம் (ஃபாண்டம் பவர்) தருகிற இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி, வேண்டும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. பதிவு மென்பொருளில் மோனோ (ஒற்றைத் தடம்), 44.1 கிலோஹெர்ட்ஸ், வேவ் (WAV) ஃபைல் என்று வைத்து, அளவுமானியில் சத்தம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் இருந்தால் போதும். ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருள் இலவசம். பேசத் தொடங்கும் முன் சில வினாடி அறையின் வெறும் அமைதியைப் பதிந்துகொள்ளுங்கள், இரைச்சலைக் குறைக்கவும் வெட்டிய இடங்களை நிரப்பவும் அது வேண்டும். தீபாவளிக்கு ஜவுளிக்கடை விளம்பரம் பேசினால் ‘பட்டு’, ‘பண்டிகை’, ‘பரிசு’ என்று வரிசையாக ‘ப’ வரும், ஒவ்வொன்றும் மைக்கில் ‘டப்’ என்று அடிக்கும். மைக்குக்கு முன்னால் மூச்சுக்காற்றைத் தடுக்கும் வலையான பாப் ஃபில்டரோடு, மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்துப் பேசினால் மூச்சு நேராகப் போய் மோதாது. 30 வினாடி விளம்பரத்தில் 50 சொற்களுக்கு மேல் இருந்தால் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம். மியூச்சுவல் ஃபண்ட் எச்சரிக்கை மாதிரி கடகடவென்று ஒப்பிப்பது வேறு வகைப் பயிற்சி.

அப்புறம் ஆகாசவாணியின் நாடகக் குரல் தேர்வு. அறைக்குள் நான், மைக், கையில் அப்போதுதான் கொடுத்த தாள். கேட்கிறவர்கள் வேறு அறையில். கோபம், கெஞ்சல், கிண்டல் என்று அடுத்தடுத்து வந்தன. நான் ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒருவரை நிற்க வைத்துக்கொண்டேன், கெஞ்சலுக்கு என் அக்கா. பி கிரேடு கிடைத்தது. பி-ஹை, ஏ, டாப் என்று மேலே படிகள் இருக்கின்றன.

இப்போது பயிற்சி செய்துகொண்டிருப்பது அழுகை. நிஜமாக அழுதால் சொல் புரியாது, அடக்கினால் அழுகை தெரியாது. சொல்லுக்கு முன்னால் மூச்சை உடைத்துவிட்டு, சொல்லை மட்டும் தெளிவாக விட வேண்டும். சின்ன வரிகளில் வருகிறது, நீளமான வசனத்தில் பாதி வழியில் மூச்சு தீர்ந்துவிடுகிறது. யாராவது இதற்கு வேறு வழி வைத்திருந்தால் சொல்லுங்கள்.