இரண்டாவது வருகைப்பதிவேடு

டிசம்பர் 26, 2022

தீவிர சிகிச்சைப் பிரிவின் 12 படுக்கைகளுக்கு இரவுப் பணியில் செவிலியர்கள் நாங்கள் மூவர். நானும் ஜூனியர் ஒருத்தியும் 2015ஆம் ஆண்டுத் தேர்வில் ஒன்றாக வந்தவர்கள். தரவரிசையில் முன்னால் இருந்ததால் நான் காலமுறை ஊதியத்துக்கு, அதாவது நிரந்தரப் பணிக்குரிய சம்பளத்துக்குப் போய்விட்டேன், அவள் இன்னும் மாதம் ஒரே தொகையாகத் தரும் தொகுப்பூதியத்திலேயே இருக்கிறாள். மூன்றாமவளான சின்னவள் கொரோனாவுக்காகத் தற்காலிகமாக எடுக்கப்பட்டவள். மூவரும் எழுதுவது நோயாளியின் நிலையைக் குறிக்கும் ஒரே கேஸ் ஷீட்டில், கையெழுத்திடுவது மட்டும் வெவ்வேறு வருகைப்பதிவேடுகளில்.

டிசம்பர் 28

சின்னவளைப் போன்றவர்களுக்கு இந்த மாதத்துக்குப் பிறகான நீட்டிப்பு ஆணை வரவில்லை.

டிசம்பர் 29

"அக்கா, முப்பத்தொண்ணு நைட்டு எனக்குப் போட்டிருக்காங்க. பன்னெண்டு மணிக்கு மேல நான் இங்க யாரு?" என்று சின்னவள் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். 7,700 ரூபாயில் சேர்ந்தபோது, இரண்டு ஆண்டுகளில் நிரந்தரம் என்ற சொல்லை நம்பி நாள்களை எண்ணியவள் நான். ஆகவே பொறுத்திரு என்று சொல்ல வாய் வரவில்லை.

டிசம்பர் 30

ஆணை வந்துவிட்டது. கொரோனாவுக்காக எடுக்கப்பட்ட செவிலியர்கள் 2,300க்கும் மேற்பட்டோருக்கு நாளையோடு பணி முடிகிறது. நியமனத்தில் இடஒதுக்கீட்டுச் சுழற்சி, அதாவது எந்த இடம் எந்தப் பிரிவினருக்கு என்ற வரிசை, பின்பற்றப்படவில்லை என்பது காரணம். இடஒதுக்கீட்டால் படித்து வந்த நான் அந்தக் காரணத்தை எளிதில் தள்ளிவிட மாட்டேன். ஆனால் 2020இல் கவச உடைக்குள் ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் நிற்க ஆள் தேடியபோது சுழற்சியைப் பார்க்காமல் விட்டது யார்? விண்ணப்பித்தவளா? சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிகப் பணியாளருக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் பஞ்சாப் வழக்கில் சொன்னதை ஓய்வறையில் யாரோ வாசித்துக் காட்டினார்கள். சின்னவள் அதைக் கேட்காமல் ஏழாம் படுக்கைக்காரருக்குப் பக்கம் மாற்றிப் படுக்கவைக்கப் போய்விட்டாள்.

ஜனவரி 1, 2023

நேற்றிரவு வெளியே வெடிச்சத்தம் கேட்டபோது அவள் ஏழாம் படுக்கையில் குழாய்வழி சளியை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தாள். 12 மணிக் கட்டத்தில் நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு, சிறுநீர் அளவு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டாள். ஒரு மணிக் கட்டத்திலும் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் போடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போட்டாள். காலையில் ஒவ்வொரு படுக்கையாக நின்று அடுத்த ஷிப்டுக்கு ஓவர் கொடுத்தாள். எந்த மருந்து எத்தனை மில்லி மீதம் என்பதுவரை சொன்னாள். அந்த ஏழு மணி நேரத்துக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

ஜனவரி 2

பணி முடிக்கப்பட்டவர்கள் எல்லாரும் போராட்டத்தில் இருக்கிறார்கள். நான் பணியில் இருக்கிறேன்.

ஜனவரி 4

அர்ப்பணிப்போடு பணியாற்றும்படி எல்லா ஊழியர்களுக்கும் சுற்றறிக்கை வந்தது. வாசித்ததற்கு அடையாளமாகக் கையெழுத்து வாங்கினார்கள். இரண்டாவது பதிவேட்டைப் புரட்டினேன். அவள் பெயர் வரிசையில் டிசம்பர் 31க்குப் பிறகு சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தது. கேஸ் ஷீட்டில் அவள் கையெழுத்து ஜனவரி முதல் தேதி காலை வரை இருக்கிறது.

ஜனவரி 6

பணி இழந்தவர்களுக்கு மாவட்ட அளவில் 18,000 ரூபாய்க்கு வேலை தருவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. சின்னவள் வாங்கிய 14,000ஐவிடக் கூடுதல்தான், அதுவும் ஒப்பந்தம்தான். அவள் போகலாமா என்று கேட்டாள். போ என்றேன். சொன்ன வேகம் எனக்கே பிடிக்கவில்லை.

ஜனவரி 9

இரவுப் பணி. 12 படுக்கைகள், நாங்கள் இருவர்.