சம்பந்தியம்மா கீழே வைத்த டீ

பால் ஆடு கட்டியிருக்கும் மலை வீட்டில் இது என்றைக்காவது ஒரு நாள் நடந்தே தீரும். முந்தின நாள் சாயங்காலம் வத்தலக்குண்டு பஸ்ஸில் வந்து இறங்கிய சம்பந்தி வீட்டார், காலையில் பனிக்கு நடுங்கிக்கொண்டே திண்ணைக்கு வருகிறார்கள். ஆவி பறக்க டீ வருகிறது. சம்பந்தியம்மா ஒரு வாய் குடிக்கிறார். முகத்தில் ஒன்றையும் காட்டிக்கொள்ளாமல் டம்ளரைக் கீழே வைக்கிறார்.

"என்ன சம்பந்தி, வச்சுட்டீங்க?"

"ஆறட்டும்னுதான் சம்பந்தி. ரொம்பச் சூடு."

பழனி மலைக் குளிரில் டீ ஆற ரெண்டு நிமிஷம் போதும். கால் மணி நேரம் கழித்தும் டம்ளர் அங்கேயே இருந்தால் காரணம் சூடு இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் புரிந்துவிடும். அப்புறம் ஆரம்பிக்கிறது விசாரணை.

முதலில் மாட்டுவது அடுப்படியில் நிற்கும் மருமகள். இது எந்த வீட்டிலும் மாறாத வழக்கம். "இஞ்சி தட்டிப் போட்டியா?" என்று பாட்டி கேட்பதில் நியாயம் இருக்கிறது. பச்சை இஞ்சியில் பாலைத் திரிக்கிற நொதி உண்டு. ஆட்டுப்பால் மாட்டுப்பால் அளவுக்குச் சூடு தாங்காது. ரெண்டும் சேர்ந்தால் டீயில் வெள்ளைத் துணுக்கு மிதக்கும். இஞ்சியையும் தூளையும் தண்ணீரிலேயே நன்றாகக் கொதிக்கவிட்டு, கடைசியில் பாலை ஊற்றி ஒரு பொங்கு வந்ததும் இறக்கிவிட வேண்டும். ஆனால் திரிந்த டீ கண்ணுக்குத் தெரியும். இந்த டம்ளரில் டீ வழவழவென்றுதான் இருக்கிறது. மருமகள் விடுதலை.

அடுத்தது பாத்திரம். ஈயம் போன பித்தளைச் சொம்பிலோ இரும்புச் சட்டியிலோ பால் நின்றால் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு சுவை வரும். பெயிண்ட் வந்த பிளாஸ்டிக் வாளியை எத்தனை முறை கழுவினாலும் அது பழைய வாழ்க்கையை மறக்காது. பாலுக்கு எவர்சில்வர்தான் சரி. முதலில் பச்சைத்தண்ணீரில் அலசி, பிறகு சோப்புப் போட்ட சுடுநீரில் தேய்த்து, கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். எடுத்த எடுப்பில் சுடுநீர் ஊற்றினால் பால் புரதம் வெந்து பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்த மெல்லிய படலத்தில்தான் நாளைய பால் கெடும். வீட்டுச் சொம்பு எவர்சில்வர், பளபளப்பு. அதுவும் விடுதலை.

இனி சாட்சி சொல்ல ஒரு நாக்கு வேண்டும். பேரனைப் பிடித்து உட்காரவைத்து, சர்க்கரை போடாமல் காய்ச்சிய பாலில் ஒரு கரண்டி கொடுக்கிறார்கள். காய்ச்சாமல் கொடுக்கக் கூடாது. புருசெல்லோசிஸ் மாதிரியான நோய்கள் ஆட்டிலிருந்து ஆளுக்குப் பச்சைப்பால் வழியாகவும் வரும்.

"உப்புக் கரிக்குதாடா?"

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம். பால் உப்புக் கரித்தால் மடிநோய் என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். மடி வீங்கும்போது இரத்தத்தில் உள்ள உப்பு பாலுக்குள் கசிகிறது. மடியைத் தொட்டால் ஒரு பக்கம் சூடாக, கல்லு மாதிரி இருக்கும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தினமும் கறக்கும்போது ஒவ்வொரு காம்பிலும் முதல் ரெண்டு மூன்று பீச்சைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விட்டுப் பார்த்தாலே திப்பி, நூல், நீர்த்தன்மை எல்லாம் தெரிந்துவிடும். அந்தப் பாலைத் தரையில் பீச்சக் கூடாது, கிருமி அங்கிருந்து அடுத்த ஆட்டு மடிக்குப் போகும். சலவைத்தூள் கரைசலைச் சம அளவு பாலோடு சுழற்றிப் பார்க்கிற சோதனையும் உண்டு. கூழ் மாதிரி கெட்டியானால் நோய். இதில் ஒரு சூது இருக்கிறது. ஆட்டுப்பாலில் இயல்பாகவே செல்கள் அதிகம், நோயில்லாத ஆடும் கொஞ்சம் கெட்டிப்படும். அதனால் ரெண்டு காம்புப் பாலையும் அக்கம்பக்கம் வைத்து ஒப்பிட வேண்டும். ஒன்று தண்ணியாக ஓடி இன்னொன்று கூழாக நின்றால் மருத்துவரைக் கூப்பிடலாம்.

பேரன் உதட்டைச் சப்புக்கொட்டிவிட்டு, "உப்பு இல்ல பாட்டி. ஆடு மாதிரி இருக்கு" என்கிறான்.

ஆட்டுப்பால் ஆடு மாதிரி இருப்பதில் என்ன தப்பு என்று சிலர் கேட்பார்கள். தப்புதான். நல்ல ஆட்டிலிருந்து சுத்தமாகக் கறந்து உடனே குளிரவைத்த பாலை மாட்டுப்பாலோடு சேர்த்து வைத்தால், கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்வது கஷ்டம். நிறம் மட்டும் காட்டிக்கொடுக்கும். ஆடு தின்னும் கரோட்டீனைப் பாலுக்கு விடாமல் வைட்டமினாக மாற்றிவிடுவதால், அந்தப் பாலும் வெண்ணெயும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருக்கும். "ஆட்டுப்பால்னா வாடை இருக்கத்தான் செய்யும்" என்பது சோம்பேறிகள் கட்டிவிட்ட கதை.

விசாரணை இப்போது தீனிக்குப் போகிறது. இங்கே மேல்மலைக்கு ஒரு பதில், கீழ்மலைக்கு ஒரு பதில். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம் என்றால் சந்தேகம் நேராகப் பூண்டின் மேல் விழும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் காரத்துக்கு ஆடு எப்போதோ அங்கீகாரம் கொடுத்துவிட்டது. கயிற்றை அவிழ்த்துக்கொண்டு பூண்டுத்தாளை மேய்ந்த ஆட்டின் பாலில் சில மணி நேரத்தில் ரச வாசம் வீசும். முட்டைக்கோஸ் இலையும் அப்படித்தான். அதோடு வயிறும் உப்பும். அறுவடை முடிந்த தோட்டத்து இலை தழையைப் போட ஆசை இருந்தால், முதலில் மருந்து அடித்த தேதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு காலைக் கறவை முடிந்த கையோடு கொஞ்சமாகப் போடலாம். கறவைக்கு முந்தின நாலைந்து மணி நேரத்தில் வாசமுள்ள எதுவும் ஆகாது.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமென்றால் விஷயம் சிரிப்பதற்கில்லை. காப்பித் தோட்டத்துக்குள் பலா, கல்யாண முருங்கை, பட்டர் ஃப்ரூட் எல்லாம் கலந்து நிற்கும். பலாவும் கல்யாண முருங்கையும் ஆட்டுக்கு விருந்து. பட்டர் ஃப்ரூட் இலை வினை. கறவை ஆடு அதைத் தின்றால் கிருமியே இல்லாமல் மடி வீங்கி இறுகிப்போகும், பால் சட்டென்று குறையும், வருகிற கொஞ்சமும் திரிதிரியாக வரும். அதிகம் தின்றால் நெஞ்சையே பாதிக்கும். கிளை கழிக்கிற நாளில் வெட்டின தழையை ஆடு எட்டாத இடத்தில் போடுவது முதல் வேலை. உண்ணிச்செடி, சாலையோரம் மணி மாதிரி பூத்துத் தொங்குகிற பெரிய ஊமத்தை, அரளி எல்லாம் அதே பட்டியல்தான். "ஆடு எது விஷம்னு தெரிஞ்சுதான் தின்னும்" என்பார்கள். பசித்த ஆட்டுக்கு ஒன்றும் தெரியாது.

"நேத்து சாயங்காலம் பலாத்தழைதானே போட்டோம்" என்று எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள். ஆளுயரத்தில் கட்டித் தொங்கவிட்ட கட்டு, காம்புகள் மட்டும் மிச்சம். ஆடு குனிந்து மேய்வதைவிட நிமிர்ந்து பறிப்பதில்தான் பிரியம். கீழே விழுந்த தழையைத் தொடாது. ராஜ பரம்பரை என்று நினைப்பு. அடர்தீவனத்தையும் முகர்ந்து பார்த்தாயிற்று. பத்து கிலோவுக்கு மக்காச்சோளம் 4 கிலோ, கடலைப்பிண்ணாக்கு இரண்டரை, கோதுமைத் தவிடு 3 கிலோ 200 கிராம், தாது உப்பு 200 கிராம், சாப்பாட்டு உப்பு 100 கிராம். பனிக்காலத்தில் பிண்ணாக்கு மூட்டையைத் தரையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அந்த நஞ்சு பாலில் இறங்கும், காய்ச்சினாலும் போகாது. மூட்டை பலகை மேல் இருக்கிறது, சுவரைத் தொடவில்லை. தீனியும் விடுதலை.

"அப்போ கறந்தது யாரு?"

எல்லாத் தலையும் தாத்தா பக்கம் திரும்புகிறது.

தாத்தா கறப்பதில் குறை சொல்ல முடியாது. சில்வர் ஓக் பலகையில் ஒன்றரை அடி உயரத்துக்கு மேடை, முன்னால் தலையை நிறுத்தும் கட்டை, அதற்கு அந்தப்பக்கம் தீனித்தொட்டி. ஆடு தானாகத் துள்ளி ஏறும். பெர்மாங்கனேட் கரைத்த இளஞ்சிவப்புத் தண்ணீரில் மடியைத் துடைத்துக் காயவிட்டு, குட்டி முட்டுகிற மாதிரி ரெண்டு தட்டு தட்டி, முழுக்கையால் பிடித்துக் கறக்கிறார். கட்டைவிரலை மடக்கி இழுப்பதில்லை, காம்பு புண்ணாகும். தலைச்சேரி ஆடு, இரண்டாம் ஈத்து, நாளைக்கு ஒரு லிட்டருக்குக் குறையாது. குட்டிகளை ராத்திரி தனியாக அடைத்திருந்தால்தான் அந்தக் கணக்கு. தட்டியில் ஒரு ஓட்டை இருந்தாலும் குட்டி தலையை விட்டுக் காலி செய்துவிட்டு, ஒன்றும் அறியாத முகத்தோடு நிற்கும்.

சிக்கல் எப்போதும் கடைசியில்தான். தொட்டியில் தீவனம் தீர்ந்த அந்த நொடியில் ஒப்பந்தம் முறிந்ததாக ஆடு நினைத்துக்கொள்ளும். பின்னங்கால் நேராகச் சொம்புக்குள். கால் கிலோ தீவனம், பசியுள்ள ஆட்டுக்கு மூன்று நிமிஷம். கறவைக்கு ஐந்திலிருந்து ஏழு நிமிஷம். இந்த இடைவெளியை அடைக்கத் தாத்தா கண்ட வழி எளிது. தொட்டியில் கைப்பிடி அளவில் நாலு கூழாங்கல். கல்லைச் சுற்றி நாக்கால் பொறுக்கித் தின்ன வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகும். கறந்து முடித்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்கி, அரை மணி நேரம் படுக்காமலிருக்கப் புதுத் தழை கட்டிவிடுகிறார். காம்புத் துளை மூடுவதற்கு அவ்வளவு நேரம் ஆகும்.

பால் குளிர்ந்ததும் சீக்கிரம்தான். வெள்ளைத் துணியில் வடிகட்டி, தொட்டித் தண்ணீரில் சொம்பை இறக்கி, ஒரு தடவை தண்ணீர் மாற்றியிருக்கிறார்கள். இதில் அசட்டை செய்தால்தான் பெரும்பாலும் ஆட்டு வாடை பிறக்கிறது. பாலில் உள்ள கொழுப்பை உடைக்கும் நொதி வெதுவெதுப்பில் வேலை பார்க்கும், குலுக்கினால் இன்னும் வேகமாக. அதனால்தான் கறந்த சூட்டோடு கேனில் ஊற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பில் குலுக்கிக்கொண்டு போன பால், ஊர் போய்ச் சேரும்போது ஆட்டுக்கிடையாக மாறியிருக்கும். இந்தப் பால் எங்கும் போகவில்லை, இருபதடி தூரத்து அடுப்படிக்குத்தான் வந்தது.

மிச்சம் இருப்பது ஒரே ஆள். கிடா.

மூன்று பெட்டைக்கு ஒரு கிடாவை வருஷம் முழுக்க வைத்துத் தீனி போடுவதே வீண் செலவு. ஒரு கிடா இருபது முப்பது பெட்டைக்குப் போதும். 21 நாளைக்கு ஒருமுறை வரும் பருவத்தைக் கவனித்து, வாலாட்டிக் கத்தும் நாளில் பெட்டையை அண்டை வீட்டுக்கு ஓட்டிப்போனால் வேலை முடிந்தது. ஆனால் தாத்தாவுக்கு அதன் மேல் பாசம். கொம்புக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியிலிருந்து கிளம்புவதுதான் அந்த வாடை. போதாததற்குத் தன் தாடியிலும் முன்னங்காலிலும் தானே மூத்திரம் அடித்துக்கொள்ளும். அதற்கு அது அத்தர்.

மலையில் காற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. ராத்திரி குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறின பிறகுதான் மேல்நோக்கித் திரும்பும். ஆறு மணிக் கறவைக்குக் காற்று மேலிருந்துதான் வரும். ஆகவே கிடாவைச் சரிவில் கீழே, ஐம்பது அடியாவது தள்ளிக் கட்ட வேண்டும். பல வீடுகளில் அது மேலேதான் நிற்கும். பழைய கொட்டில் அங்கே காலியாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இருக்காது. ஆனால் இந்த வீட்டில் போன மாசமே கீழே மாற்றிக் கட்டியாயிற்று.

"தாத்தா, கையைக் காட்டுங்க" என்கிறாள் பேத்தி. கை சோப்பு வாசம்.

"நான்தான் கழுவிட்டுத்தானே கறக்குறேன்!" என்று தாத்தா நிமிர்கிறார். நிமிர்ந்ததில் தோளில் கிடந்த கம்பளி நழுவுகிறது. பேத்தி அதை எடுத்து மடிக்கப் போய், மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்தில் போடுகிறாள்.

விடியற்காலையில் எழுந்ததும் முதல் நடை கிடாவிடம். தாத்தா அதன் நெற்றியைச் சொறிய, அது கொம்பின் அடிப்பாகத்தைக் கம்பளியில் நாலு தேய் தேய்க்க, அதையே போர்த்திக்கொண்டு மேடைக்கு வந்து, திறந்த வாய்ச் சொம்பின் மேல் குனிந்து உட்கார்ந்து கறவை. கம்பளி வாடையைப் பிடித்தால் விடாது, பாலும் அப்படித்தான். வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் கறவை, அப்புறம் குட்டி, கடைசியில் கிடா. கறக்கும்போது துவைத்த பருத்திச் சட்டை போதும். குளிருக்குத் துணையாக ஆட்டு வயிறே பக்கத்தில் இருக்கிறது.

"அந்தக் கம்பளியை இன்னைக்கே துவைக்கப் போடுங்க" என்று பாட்டி சொல்லிக்கொண்டிருக்கும்போது, இவ்வளவு நேரமும் வாய் திறக்காமல் இருந்த சம்பந்தியம்மா அந்தக் கம்பளியின் சிவப்புக் கரையை உற்றுப் பார்க்கிறார்.

"ஏன் சம்பந்தி, நேத்து ராத்திரி எனக்குப் போத்திக்கக் குடுத்ததும் இதுதானே?"