டெலே பி1 தேர்வுக்குத் ‘தெனேர்’ வினையின் எதிர்காலம்: படித்த விதமும் பயன்பட்ட இடமும்

டெலே பி1 (ஸ்பானிஷ் மொழித் திறனுக்கான சான்றிதழ்த் தேர்வின் இடைநிலை) தேர்வுக்கு ஸ்பானிஷ் படிக்கிறவர்களில் பலர் எதிர்கால வடிவங்களை மனப்பாடம் செய்துவிட்டு, ‘நாளைக்கு’, ‘அடுத்த வருடம்’ என்று வரும் வாக்கியங்களில் மட்டும் போட்டுப் பழகுகிறார்கள். அந்தக் காலத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு: இப்போது இருப்பதை ஊகித்துச் சொல்வது. ‘தெனேர்’ என்ற வினையை எடுத்துப் படித்தபோதுதான் அது எனக்குப் பிடிபட்டது. தேர்வில் அதிகம் கைகொடுத்ததும் அதுதான்.

முதலில் வடிவத்தை முடித்துவிடலாம். தெனேர் என்றால் ஒருவரிடம் ஒன்று இருப்பது. எதிர்காலத்தில் நடுவிலுள்ள ‘ஏ’ விழுந்து, அந்த இடத்தில் ‘ந்த’வில் வருகிற மெல்லிய ‘த’ வந்து உட்காரும்: தெந்த்ரே, தெந்த்ராஸ், தெந்த்ரா, தெந்த்ரேமோஸ், தெந்த்ரேய்ஸ், தெந்த்ரான். வெனிர் (வருவது), போனேர் (வைப்பது), சாலிர் (வெளியே போவது) ஆகியவையும் இதே அச்சுதான்: வெந்த்ரே, போந்த்ரே, சால்த்ரே. தெந்த்ரேமோஸ் தவிர மற்ற ஐந்திலும் கடைசி அசையில் அழுத்தம் விழும். எழுதும்போது அந்த உயிரெழுத்தின் மேல் சாய்கோடு போட்டாக வேண்டும். தெந்த்ரேய்ஸ் ஸ்பெயினில்தான் புழங்கும். லத்தீன் அமெரிக்காவில் ‘நீங்கள் எல்லோரும்’ என்பதற்கும் தெந்த்ரான்தான். உச்சரிப்பில் நமக்குக் கவலையே வேண்டாம். ‘பந்தல்’ என்று சொல்லும்போது நாக்கு பல்லைத் தொடுகிற அதே இடம்தான்.

இனி விஷயம். ‘தெந்த்ரா த்ரெய்ந்தா அன்யோஸ்’ என்று ஒருவர் சொன்னால், ‘அவருக்கு வருங்காலத்தில் முப்பது வயது ஆகும்’ என்று புரிந்துகொள்ளக் கூடாது. ‘அவருக்கு முப்பது வயசு இருக்கும்’ என்று நாம் குத்துமதிப்பாகச் சொல்கிறோமே, அதேதான். ‘தெந்த்ரா ஆம்ப்ரே’ என்றால் ‘அவனுக்குப் பசியா இருக்கும்’. நடப்பது இப்போது, வினை எதிர்காலத்தில். ஆங்கில வழியாகப் படித்தால் இதற்குத் தனி விதி தேவைப்படும். தமிழில் யோசித்தால் ‘இருக்கும்’ ஏற்கெனவே இந்த இரண்டு வேலையையும் செய்துகொண்டிருக்கிறது.

இது பெரிதும் உதவுவது வாய்மொழித் தேர்வின் புகைப்படப் பகுதியில். முதல் இரண்டு பணிகளுக்கு முன்கூட்டியே தயாராக நேரம் தருவார்கள். படத்துக்கு அது கிடையாது. ஒன்றிரண்டு நிமிடம் படத்தை விவரித்துப் பேச வேண்டும். படத்தில் ரயில்வே பிளாட்பாரம், பெட்டியோடு ஒரு பெண், கடிகாரத்தைப் பார்க்கிறார், பக்கத்தில் இரண்டு குழந்தைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் படுவதைச் சொல்லி முடிக்க அரை நிமிடம் போதும். மிச்ச நேரத்துக்கு ஊகம்தான் சரக்கு. ‘தெந்த்ரா உனோஸ் குவாரெந்தா அன்யோஸ்’, நாற்பது வயசு இருக்கும். ‘தெந்த்ரா ப்ரீசா’, அவசரமா இருக்கும். ‘லோஸ் நின்யோஸ் தெந்த்ரான் சுவென்யோ’, பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும். ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘க்ரேயோ கே’, அதாவது ‘நான் நினைக்கிறேன்’ என்றே தொடங்குகிறவரைவிட, இப்படிப் பேசுகிறவரின் ஸ்பானிஷ் இயல்பாக ஒலிக்கும்.

ஆனால் தமிழ் இங்கே ஒரு பள்ளமும் வைத்திருக்கிறது. எனக்கு இருக்கும், உனக்கு இருக்கும், அவர்களுக்கு இருக்கும்: ஆள் மாறினாலும் நம் வினை மாறாது. ஸ்பானிஷில் பசி யாருக்கோ அவரே எழுவாய். அதனால் எனக்கு என்றால் தெந்த்ரே, உனக்கு என்றால் தெந்த்ராஸ், அவர்களுக்கு என்றால் தெந்த்ரான். ‘இருக்கும்’ என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டே பேசினால் எல்லோருக்கும் தெந்த்ராதான் வாயில் வரும். மேலே சொன்ன படத்தையே வைத்துப் பெண்ணுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகுங்கள்.

கேட்டல் தேர்வில் எது ஊகம், எது நிஜமான எதிர்காலம் என்று பிரிக்க, கூட வரும் காலச்சொல்லைக் கவனியுங்கள். ‘மன்யானா’ இருந்தால் நாளைய செய்தி. ‘அஓரா’ (இப்போது) இருந்தால், அல்லது காலச்சொல்லே இல்லாமல் வயது, பசி, குளிர் பற்றிப் பேச்சு ஓடினால், பெரும்பாலும் ஊகம். இன்னொரு துப்பு: அன்றாடப் பேச்சில், குறிப்பாக லத்தீன் அமெரிக்காவில், எதிர்காலத் திட்டங்களுக்கு ‘வோய் ஆ தெனேர்’ (எனக்கு இருக்கப் போகிறது) என்ற அமைப்பைத்தான் அதிகம் எடுப்பார்கள். அதனால் வெறும் ‘தெந்த்ரா’ காதில் விழுந்தால் அது ஊகமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

‘நோ தெந்த்ராஸ் உன் போலி?’ என்பது ‘உன்கிட்ட பேனா இருக்குமா?’ என்ற பணிவான கேள்வி. ஸ்பெயினில் பேனாவைச் செல்லமாகப் போலி என்பார்கள். ‘தெந்த்ரா தினேரோ, பெரோ...’ என்று ‘பெரோ’ பின்னால் வந்தால் ‘பணம் இருக்கலாம், ஆனா...’ என்று விட்டுக்கொடுத்துப் பேசுவது. ‘தெந்த்ரே கே எஸ்துதியார்’ என்றால் ‘நான் படிக்க வேண்டியிருக்கும்’. எழுத்துத் தேர்வில் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதும்போது, வர முடியாததற்குக் காரணம் சொல்ல இந்தக் கடைசி அமைப்பு நன்றாகப் பொருந்தும்.

மதிப்பெண் கணக்கையும் மனதில் வையுங்கள். வாசித்தலும் எழுதுதலும் ஒரு குழு, கேட்டலும் பேசுதலும் இன்னொரு குழு. ஒவ்வொன்றிலும் 50க்கு 30 வாங்கினால்தான் தேர்ச்சி. எழுத்தில் எவ்வளவு வாங்கினாலும் பேச்சுக் குழுவின் குறையை அது ஈடுகட்டாது. ஆகவே வடிவங்களை நோட்டில் எழுதிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், பத்திரிகைப் படம் ஒன்றை எடுத்து வாய்விட்டு ஊகம் சொல்லிப் பாருங்கள். அது சரளமாக வந்ததும் ‘தெந்த்ரீயா’வுக்குப் போகலாம், ‘அப்போ அவருக்கு இருபது வயசு இருந்திருக்கும்’ என்று பழைய படத்தைப் பார்த்துச் சொல்வதற்கு அந்த வடிவம்.