எவ்வளவு நடக்கலாம்? உடற்பயிற்சி அறிவியல் படிக்க நினைப்பவர்களுக்கு

உடற்பயிற்சி அறிவியல் படித்தால் மருத்துவமனையில் வேலை கிடைக்குமா என்று பிளஸ் டூவில் உயிரியல் எடுத்த பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் கோடை விடுமுறையில் என்னிடம் கேட்கிறார்கள். அந்தப் பட்டத்தைச் சென்னையில் முடித்து, இன்று இதய நோயாளிகளுக்கான மறுவாழ்வுப் பிரிவு ஒன்றில் பணியாற்றுபவள் என்ற முறையில் கிடைக்கும் என்றே சொல்கிறேன். ஆனால் அந்தப் படிப்பு எதைக் கற்றுத்தருகிறது என்று தெரிந்துகொண்டு சேர்வது முக்கியம்.

நடந்தால் நல்லது என்பது எல்லோருக்கும் தெரியும். மருத்துவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். மூன்று மாதத்துக்கு முன் இதயத்தின் இரத்தக்குழாய் அடைப்பை விரித்துவைக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்துக்கொண்ட ஒருவர் எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம், எந்த அறிகுறி தெரிந்தால் நிறுத்தும்படியாக நடக்க வேண்டும் என்ற கேள்விக்குத்தான் எங்கள் படிப்பு விடை தேடுகிறது. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், ஊட்டச்சத்து என்று பாடங்கள் பலவாக இருந்தாலும் அவை எல்லாம் வந்து சேருமிடம் அளவு என்ற ஒன்றுதான். சும்மா உட்கார்ந்திருக்கும் உடல், ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்குச் சுமார் 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவிடுகிறது என்பதை அடிப்படையாகக் கொண்டு, மாடிப்படி ஏறுவதும் தண்ணீர்க் குடம் தூக்குவதும் அதைப்போல எத்தனை மடங்கு என்று கணக்கிடப் பழகுகிறோம். ட்ரெட்மில்லில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டும் ப்ரூஸ் முறையில் இசிஜியைப் பார்த்தபடி நிற்கவும், அதற்கு இயலாத முதியவரை 30 மீட்டர் நடைகூடத்தில் ஆறு நிமிடம் நடக்கவிட்டுத் தூரத்தை அளக்கவும் கற்றுக்கொள்கிறோம்.

பாடப்புத்தகச் சூத்திரம் எங்கே பொய்த்துப்போகும் என்பதை அறிவதுதான் இந்தப் படிப்பின் உயிர்நாடி என்பேன். 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச நாடித்துடிப்பு கிடைக்கும் என்று உடற்பயிற்சிக் கூடங்களில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி 60 வயதுக்காரருக்கு அது 160. ஆனால் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிக்கு அந்த மருந்தே துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைத்திருக்கும் என்பதால், அவரை அந்த எண்ணை நோக்கி விரட்டுவது ஆபத்தில் முடியலாம். அதனால்தான் ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த, 6இல் தொடங்கி 20இல் முடியும் களைப்பு அளவுகோலை நோயாளியின் கையில் கொடுத்து, உடல் எவ்வளவு சிரமப்படுகிறது என்று அவரையே சொல்லச் சொல்கிறோம். “பேசிக்கிட்டே நடக்க முடியுதாம்மா?” என்ற எளிய கேள்வியும் அதே வேலையைச் செய்கிறது.

சர்க்கரை நோயிலும் இதே கவனம் வேண்டும். சுருங்கி விரியும் தசை, இன்சுலின் துணை இல்லாமலேயே இரத்தத்திலுள்ள குளுக்கோஸை இழுத்துக்கொள்கிறது. நடையின் பலன் அது; இன்சுலின் போட்டுக்கொண்டவர் வெறும் வயிற்றோடு வேகமாக நடந்தால் மயங்கிவிழக்கூடிய காரணமும் அதுவே. ஆகவே அவர்களுக்குப் பயிற்சிக்கு முன் சர்க்கரை 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது கொடுத்துச் சாப்பிடச் சொல்லிய பிறகே தொடங்குகிறோம். சென்னையைச் சேர்ந்த டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவும் நடையும் சார்ந்த மாற்றம் நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தது. சர்க்கரை நோய்க்குத் தரப்படும் மெட்பார்மின் மாத்திரை 26.4 சதவீதம் குறைத்தது. நம் ஊரிலேயே நிறுவப்பட்ட இந்த உண்மையை முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

சென்னைக்கென்று தனிப்பாடமும் உண்டு. மே மாதத்தில் கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் வியர்வை வழிகிறதே தவிர எளிதில் ஆவியாவதில்லை. உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்குப் பாய்வதால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. ஜனவரியில் ஒருவருக்கு எழுதித்தந்த அளவை மே மாதத்தில் அப்படியே விட்டுவிடுவது தவறு.

உடலுழைப்புக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த தொடக்ககால ஆய்வைப் பற்றி ஒன்று. லண்டன் மாடிப் பேருந்துகளில் உட்கார்ந்தே இருந்த ஓட்டுநரைவிடப் படியேறி இறங்கிய நடத்துநருக்கு மாரடைப்பு குறைவு என்று பிரிட்டன் மருத்துவ ஆய்வாளர் ஜெரி மாரிஸ் 1953இல் காட்டினார். நம் மாநகரப் பேருந்துகளில் காசும் சீட்டும் பயணிகளின் கைமாறிப் போக, நடத்துநரும் பெரும்பாலும் இருக்கையிலேயே இருக்கிறார்; இங்கே அந்த ஒப்பீடு எப்படி அமையும் என்பது யாராவது எடுத்துச் செய்யத்தக்க ஆய்வு.

பிசியோதெரபியும் இதுவும் ஒன்றல்ல. அடிபட்ட மூட்டையும் பக்கவாதத்தில் செயலிழந்த கையையும் மீட்பது பிசியோதெரபிஸ்டுகளுடைய பயிற்சி. நாட்பட்ட நோயுள்ளவரின் தாங்குதிறனை மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாக உயர்த்துவது எங்களுடையது. நோயைக் கண்டறிவதோ மருந்தை மாற்றுவதோ எங்கள் வேலை அன்று.

1920இல் தொடங்கப்பட்டு இப்போது நந்தனத்தில் இயங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி, மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், மருத்துவமனை வளாகத்திலேயே விளையாட்டு அறிவியல் மையம் கொண்ட போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா எனச் சென்னையைச் சுற்றி இத்துறையோடு தொடர்புடைய இடங்கள் உள்ளன. ஆசிரியராகவோ பயிற்றுநராகவோ விரும்புபவருக்கும் மருத்துவமனையை நாடுபவருக்கும் பொருந்தும் பாடத்திட்டங்கள் வேறுவேறு. பின்னதுதான் உங்கள் விருப்பம் என்றால், சேர்க்கைக்குச் செல்லும் நாளில் கட்டணத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன், இறுதியாண்டு மாணவர்கள் எந்த மருத்துவமனையில், யாருடைய மேற்பார்வையில், எத்தனை மாதம் நோயாளிகளுடன் பயிற்சி பெறுகிறார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் அந்த மாணவர் ஒருவரிடமே பேசிவிடுங்கள்.